எனக்குத் தோட்டமில்லை, பெட்

என் ஆங்கிலம் நியூகாசிலில் பிறந்தது. இன்றைக்கு இதைத் தோர்ண்டன் ஹீத் மீன்கடையில் நின்றும் சொல்வேன், கோயில் மண்டபத்தில் நின்றும் சொல்வேன். ஆனால் லண்டனுக்கு வந்து ஒன்பது வருடங்கள் அதை வாய்க்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தேன். அந்த ஒன்பது வருடத்துக்காக எனக்கு என்மேல் கோபம் உண்டு. மற்றவர்கள்மேலும் கொஞ்சம் உண்டு.

அகதியென்று வந்து நிற்பவர்களை அரசாங்கம் எங்கே வீடு காலியாகக் கிடக்கிறதோ அங்கே அனுப்பும். எங்களை நியூகாசிலுக்கு அனுப்பியது. ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு தெரு, இரண்டாம் மாடி. எங்கள் இருவரில் ஆங்கிலம் தெரிந்தவர் என் கணவர். யாழ்ப்பாணத்தில் பாதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசும் வாங்கியவர். நான் மன்னாரில் தமிழில் படித்தவள். 'தாங்க் யூ' தெரியும், 'சாரி' தெரியும், அதற்கு மேல் வேண்டாம் என்று இருந்தவள்.

மூன்றாம் நாள் எதிர்க் கதவுக்காரி வந்து தட்டினாள். கையில் வீட்டிலே சுட்ட, தட்டையான ஒரு பெரிய பாண். ஏதோ சொன்னாள். கணவர் மூன்று தரம் 'பார்டன்' கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது இங்கிலீஷ் இல்லையப்பா," என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. பாண் தருகிறாள், குளிருக்குள் நிற்கவிடாமல் உள்ளே கூப்பிடு என்கிறாள். இதற்கு இலக்கணமா வேண்டும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். அவர் படித்ததை மறந்துவிட்டுத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. எனக்கு மறப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

எதிர்க் கதவுக்காரி என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். தனியாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வேலை செய்ய அனுமதி வந்ததும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். அவள் எனக்கு ஆங்கிலம் படிப்பிக்கவில்லை. பேசினாள், அவ்வளவுதான். மழையில் வந்து சப்பாத்தோடு படியேறினால் "க்ளார்ட்டி" என்று என் காலைக் காட்டினாள். சேறு அப்பியது என்று நானே கண்டுபிடித்தேன். கிழிந்த படுக்கை விரிப்பை "ஹோய்" என்றாள், தூக்கி எறிந்தேன். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி 'பெய்ட்'. கையில் ஏறிய மரச்சிராய் 'ஸ்பெல்க்'. ஒன்றுமில்லை என்றால் 'நௌட்', நல்லது என்றால் 'கேனி', குழந்தை என்றால் 'பேர்ன்', வீடு என்றால் 'ஹேம்'. வெளிக்கிடுவோம் என்றால் 'ஹவே'. ஆறு வருடத்தில் நான் கனவிலும் இந்த ஆங்கிலத்தில் சண்டை பிடித்தேன்.

எனக்கு அது ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் முறை சொல்லாமல் பேசத் தெரியாத ஆட்கள். சந்தையில் மரக்கறி விற்கிறவருக்கும் ஒரு முறை வேண்டும்; அண்ணை, அக்கா, தம்பி, ராசா, பிள்ளை, குஞ்சு. முறை இல்லாமல் வாய் திறந்தால் சட்டை போடாமல் தெருவில் இறங்கியது போல எனக்கு இருக்கும். நியூகாசில்காரரும் அப்படித்தான். பஸ் ஓட்டுகிறவர் என்னைப் 'பெட்' என்றார். மருந்துக் கடைக்காரி 'ஃப்ளவர்' என்றாள். எதிர்க் கதவுக்காரிக்கு நான் 'ஹின்னி'. வந்த நாட்டில் எனக்கு ஒரு சொந்தமும் இல்லை, ஆனால் கடைக்குப் போய்ப் பால் வாங்கித் திரும்புவதற்குள் நாலு முறை கிடைத்துவிடும். அதோடு ஆமாம் என்பதற்கு எங்களுக்கு 'ஓம்' என்றால் அவர்களுக்கு 'ஐ'. நாங்கள் 'எங்கட' என்போம், அவர்கள் 'வொர்' என்பார்கள். தன் தங்கையை அவள் 'வொர் கிட்' என்று சொல்லும்போது, எங்கட சின்னவள் என்று என் காதில் தமிழாகவே விழும்.

பிறகு கணவரின் உறவுகள் எல்லாம் தோர்ண்டன் ஹீத்தில் என்று லண்டனுக்கு வந்தோம். வந்த கிழமையே மச்சாளோடு, அதாவது அவருடைய தங்கையோடு, பஸ்ஸில் போனேன். இறங்கும்போது டிரைவரிடம் "தாங்க்ஸ், பெட்" என்றேன். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்கு நல்ல சிரிப்பாகத்தான் பட்டது. மச்சாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெட் எண்டா நாய் பூனையெல்லோ. வயசான மனிசனைப் பாத்து அப்பிடிச் சொல்லலாமோ?"

ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பிடும்போது இந்தக் கதையை அவ எல்லோருக்கும் சொன்னா. நான் 'ஐ' என்பதை நடித்தும் காட்டினா. மேசை முழுக்கச் சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது பரவாயில்லை. அவர் சிரித்ததுதான் சுட்டது.

அன்றோடு வாயை மூடினேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. பிள்ளைகளின் தட்டில் போட 'பீன்ஸ்?', 'பீஸ்?' என்ற இரண்டு கேள்வி போதும். மற்ற இடங்களில் ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடும் முன் எந்த ஊர்ச் சொல் என்று சோதித்தேன். சோதித்து முடிவதற்குள் எதிரே நின்றவர் போய்விடுவார். ஆங்கிலம் தெரியாத மனிசி என்று பெயரும் வந்தது.

அந்தப் பெயரோடே இருந்திருப்பேன், அக்கா இல்லாவிட்டால். என் ஒரே அக்கா மன்னாரில் இருக்கிறா. பதினேழு வருடமாகக் காணவில்லை. அகதிப் பயணப் பத்திரத்தில் உலகமெல்லாம் போகலாம், எங்கிருந்து ஓடி வந்தோமோ அங்கே மட்டும் போக முடியாது. அக்காவின் மகளை ஐந்து வயதுவரை என் இடுப்பில் வைத்து வளர்த்தேன். அவளுக்குக் கல்யாணம் சரிவந்தது. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரை அறிவிப்பார்கள், ஓலை கூறுவது என்போம். அக்கா பாதரிடமே போய், என் தங்கச்சி வராமல் ஓலை கூறக் கூடாது என்று சொல்லிவிட்டா. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், ஆனால் எத்தனை மாதம் பொறுப்பார்கள்? வருகிற ஆவணிவரை பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா போனை வைக்கும் முன் ஒரே கேள்வி.

"எப்ப வாறாய்?"

"பாப்பம் அக்கா," என்பேன்.

போவதற்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு ஆங்கிலம் பேசிக் காட்டும் பரீட்சை பாஸாக வேண்டும். பத்து நிமிடப் பேச்சு. முதல்தரம் போனபோது பரீட்சகர் கேட்டதற்கெல்லாம் நாலு சொல்லில் பதில் சொன்னேன். எல்லாம் சரியான சொற்கள், துடைத்து அடுக்கிய சொற்கள். ஃபெயில். சும்மா இருப்பதற்கு யார் மார்க் போடுவார்கள்?

அதற்குப் பிறகு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். நடத்துகிறவர் மலேசியத் தமிழ்ப் பெண்மணி. மாணவியாக வந்து இங்கேயே தங்கி, பெரிய கம்பெனியில் நல்ல வேலை. எங்களுக்கு இலவசமாகச் சொல்லித் தந்தார். பரீட்சையில் முதல் ஐந்து நிமிடம் நாங்களே தெரிந்தெடுத்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

"உங்க வாழ்க்கையிலேர்ந்து ஒன்னை எடுங்க," என்று படித்துப் படித்துச் சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க. பயப்படாதீங்க லா. மனப்பாடம் மட்டும் வேணாம், கேட்டதும் கண்டுபிடிச்சிடுவாங்க."

நாங்கள் தலையாட்டினோம். வெளியே வந்ததும் கூடப் படிக்கிற ஒரு தங்கச்சி என் போனுக்கு ஒரு தாளின் படத்தை அனுப்பினாள். சட்டன் பக்கம் இருக்கிற ஓர் அண்ணையின் மனைவி பாஸ் பண்ணிய பேச்சு. தலைப்பு, என் தோட்டம்.

"அக்கா, இதை அப்பிடியே பாடமாக்குங்கோ. ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ. இது பாஸ் பண்ணின பேப்பர்."

எங்கள் ஆட்களுக்கு இதுதான் மருந்தில்லாத வருத்தம். டியூஷன் கொட்டிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். சொந்த வாயை நம்பமாட்டோம், பாஸ் பண்ணின ஒருவருடைய நோட்ஸை வேதப்புத்தகம்போல நம்புவோம். டீச்சருக்குத் தெரியாமல் அந்தத் தாள் ஆறு பேருக்குப் போனது. வகுப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விஷயம் பேசினோம், வீட்டில் ஆறு பேரும் ஒரே தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டோம். சின்னத் தோட்டமானாலும் அழகான தோட்டம். வசந்த காலத்தில் லைலாக் மரம் பூக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோசாச் செடிகளுக்குக் களை பிடுங்குவேன். நான் லைலாக் மரத்தைக் கண்டதே இல்லை. எங்கள் மாடி வீட்டில் ஜன்னலோரம் ஒரு புதினாச் சட்டி இருந்தது, அதுவும் மார்கழியில் செத்துப்போனது. ஆனாலும் பஸ்ஸில், சமையலறையில், குளிக்கும்போது, அந்த மரத்தைப் பூக்க வைத்துக்கொண்டே இருந்தேன். கணவர் தாளைப் பிடித்துக்கொண்டு பிழை திருத்தினார்.

பரீட்சை லூயிஷாமில், கடைகளுக்கு மேலே ஒரு மாடியில். அன்று எங்கள் ஆறு பேரில் மூன்று பேருக்கு நாள் கிடைத்திருந்தது. நான் மூன்றாவது. முதல் ஆள் வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டாவது ஆள் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பரீட்சகர் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். சுத்தமான லண்டன் ஆங்கிலம். தொடங்கச் சொன்னா. சின்னத் தோட்டமானாலும் அழகான தோட்டம் என்றேன். வசந்த காலத்தில் லைலாக் மரம் என்றேன். அவ பேனையைக் கீழே வைத்தா.

"இன்று காலையில் நான் சந்திக்கிற மூன்றாவது லைலாக் மரம் இது," என்றா. கோபமில்லை, களைப்பு. "சரி, மரத்தை விடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்தில் என்ன செய்தீர்கள்?"

களை பிடுங்கினேன் என்ற வரி இருக்கிறது, ஆனால் அது இன்னும் ஏழு வரி தள்ளி இருக்கிறது. நடுவில் இருந்து எடுக்க எனக்குத் தெரியாது. தலைக்குள் ஒன்றுமில்லை. மேசையில் சின்ன மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த அறையில் இருந்து ஃபெயிலோடு வெளியே போனால் ஆவணியில் அக்கா என்னை விட்டுவிட்டு மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவா என்பதுதான். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தத் தாள்மேல், மச்சாளின் நடிப்புமேல், சிரித்த என் கணவர்மேல், முக்கியமாக என்மேல். கோபம் வந்தால் எனக்கு ஒரு ஆங்கிலம்தான் வரும்.

"ஐவ் காட் நௌட், பெட்," என்றேன். எனக்குத் தோட்டம் கீட்டம் ஒண்டுமில்லை, பெட். மாடி வீடு. ஒரு ஜன்னல் இருக்கு. அவ்வளவுதான்.

அவ கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்தா. "இதை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டா.

அணை உடைந்தது என்று சொல்ல வேண்டாம். சமையலறைக் குழாயைத் திறந்தது போல, அவ்வளவு சாதாரணமாக வந்தது. எதிர்க் கதவுக்காரியைச் சொன்னேன். தட்டைப் பாணைச் சொன்னேன். சலவைக்கூடத்தின் புழுக்கத்தைச் சொன்னேன். பிறகு கடலுக்குப் போன கதையைச் சொன்னேன். முதல் கோடையில் அவள் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். நான் மணலிலேயே நின்றுவிட்டேன். மன்னாரில் இருந்து படகில் இந்தியாவுக்குத் தப்பிப் போனபோது எங்களோடு வந்த படகொன்று கரை சேரவில்லை. அதற்குப் பிறகு நான் கடலில் கால் வைத்ததில்லை. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, என் கையைப் பிடித்து இழுத்தாள். ஹவே ஹின்னி, ப்லாஜ் என்றாள். சுடிதாரோடு இறங்கினேன். ஐஸ் தண்ணீர். கணுக்கால்வரை நின்று இரண்டு பேரும் கத்தினோம். அன்றைக்குக் கடல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

"ப்லாஜ் என்றால் என்ன?" என்று பரீட்சகர் கேட்டா.

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. இந்த மனிசி என்னைச் சோதிக்கவில்லை. அவவுக்கு உண்மையாகவே தெரியவில்லை. லண்டனில், ஆங்கிலப் பரீட்சை மேசையில், ஓர் ஆங்கிலேயப் பெண்ணுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆழமில்லாத தண்ணீரில் சும்மா நடப்பது என்றேன். எங்கேயும் போவதற்கில்லை. எங்கள் பாஷையில் அளைவது என்போம்; சின்னப் பிள்ளைகள் அளைவார்கள், தாய்மார் ஏசுவார்கள்.

"நாங்கள் பேடில் என்போம்," என்றா.

"பேடில் துப்புரவான சொல், பெட். ப்லாஜ் என்றால் காலில் சேறு ஒட்ட வேண்டும்."

அவ சிரித்தா. உடனே சிரிப்பை மடித்து வைத்துவிட்டு ஏதோ எழுதினா. பிறகு லண்டனில் ஏன் அப்படிப் பேசுவதில்லை என்று கேட்டா. சிரித்தார்கள், அதனால் நிறுத்தினேன் என்றேன். நிறுத்தியது பிழை என்றும் சொன்னேன். அந்த வசனத்தை நான் அதற்கு முன் தமிழிலும் சொன்னதில்லை. நேரம் முடிந்து இரண்டு நிமிடமாகிவிட்டது என்று அவதான் சொன்னா.

லூயிஷாம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது நியூகாசிலுக்குப் போன் எடுத்தேன். வருடத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவள், ஒன்பது வருடத்துக்குப் பிறகு குரல் கொடுத்தேன். எழுபது வயது தாண்டிய எதிர்க் கதவுக்காரி, என் முதல் 'ஹலோ'விலேயே பிடித்துவிட்டாள். பரீட்சையில் ப்லாஜைப் பற்றிச் சொன்னேன் என்றதும் இருமும்வரை சிரித்தாள். அன்றைக்குக் கடலைக் கண்டு நான் பின்வாங்கியதைக் கவனித்ததாகவும், காரணம் கேட்கக் கூடாது என்று விட்டதாகவும் சொன்னாள். அதைக் கேட்டு ரயில் மேடையில் நின்றபடியே அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, லண்டன் அந்த விஷயத்தில் நல்ல ஊர்.

ஒரு கிழமையில் முடிவு வந்தது. பாஸ். தோட்டத்தைச் சொன்ன முதல் ஆளும் பாஸ், அதையும் சொல்லத்தான் வேண்டும், உலகம் அப்படித்தான். இரண்டாவது தங்கச்சி மூன்று மாதம் கழித்துத் தன் மகனின் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிப் பாஸானாள். டீச்சரிடம் நாங்கள் தாளை ஒப்புக்கொண்டோம்.

"ஆறு பேருக்கும் தோட்டமா? தோர்ண்டன் ஹீத்லயா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

என் முடிவு வந்த அடுத்த ஞாயிறு மண்டபத்தில் மச்சாள் வாழ்த்தினா. என்ன கேட்டவை, எப்படிச் சொன்னனீங்கள் என்றா. நியூகாசில் இங்கிலீசில் சொன்னேன் என்றேன். அவ மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினா.

"மச்சாள்," என்றேன், "நீங்கள் ஓம் எண்டு சொல்லேக்கை இந்தியாக்காரர் சிரிக்கிறவை. அதுக்காக நீங்கள் ஆமா எண்டு மாத்திப்போட்டியளோ?"

அவ வாய் நிறைய ரோல்ஸ் இருந்தது. பதில் என் கணவரிடமிருந்து வந்தது. "அவ சொல்றது சரி," என்றார். "நான் அண்டைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது." எல்லோர் முன்னும் சொன்னார். அதோடு அவர் கணக்குத் தீர்ந்தது.

குடியுரிமை எடுத்து, பாஸ்போர்ட் வந்து சேர ஆடி மாதமாகிவிட்டது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையைப் பிரித்து என் படத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறுவரை பொறுக்காமல் மன்னாருக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். அக்கா முற்றத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தா. சுகம் கேட்டா, மழை பற்றிச் சொன்னா, மாப்பிள்ளை வீட்டார் நேற்றும் வந்து போனதைச் சொன்னா. பிறகு வழக்கமான கேள்வி, பதிலை எதிர்பார்க்காத குரலில்.

"எப்ப வாறாய்?"

"வாற ஞாயிறு ஓலை கூறச் சொல்லு," என்றேன். "நான் வாறன்."

அந்தப் பக்கம் மிளகாய்க் கடகம் நிலத்தில் வைபட்டது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழாதை, ஹின்னி," என்றேன்.

"அதென்ன முறையடி?"

"அங்கை வந்து சொல்றன்."